எஸ்டெல்லா அம்மாவுக்கு, மெர்ச்சன்ட்ஸ் ஆர்ச்சிலிருந்து

அன்புள்ள எஸ்டெல்லா சாலமன்ஸ் அம்மா,

என்னை உங்களுக்குத் தெரிய வழியில்லை. வேலை கிடைத்து டப்ளினுக்கு வந்தவள் நான். மாலையில் அலுவலகம் முடிந்ததும் ஹேப்பென்னி பாலத்தில் லிஃபி ஆற்றைக் கடந்து, எதிரே இருக்கும் மெர்ச்சன்ட்ஸ் ஆர்ச் என்ற சின்னக் கல்வளைவுக்குள் புகுந்துதான் பஸ் பிடிக்கப் போவேன். கூட்டமான நேரத்தில் தோளோடு தோள் உரசும். பெரும்பாலும் யாராவது ஒருவர் கிட்டார் வாசித்துக்கொண்டிருப்பார். மழை வந்தால் அங்கேயே ஒதுங்கி நின்றுவிடுவேன். இப்படி ஒரு வருடம் நடந்த பிறகுதான், அந்தக் காலத்து ஐரிஷ் ஓவியரான நீங்கள் இந்த வளைவை வரைந்திருக்கிறீர்கள் என்பது தெரிந்தது.

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியில் நகரத்தின் நடுப்பகுதி பீரங்கிக் குண்டுகளால் இடிந்து கிடந்த பிறகு, டி. எல். கெல்லஹர் டப்ளினைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதன் 1928 பதிப்புக்கு இந்த ஊரின் எட்டுக் காட்சிகளை நீங்கள் கொடுத்தீர்கள். அவற்றில் ஒன்று இந்த வளைவு, இன்னொன்று கிங்ஸ் இன்ஸ் என்ற சட்டப் பள்ளிக் கட்டடம். இடிந்துபோன ஊரைப் பற்றிய புத்தகத்துக்கு, நின்றுகொண்டிருந்த கல்லைத் தேடிப் பிடித்து வரைந்திருக்கிறீர்கள். அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நீங்கள் எட்சிங் செய்தவர் என்று படித்ததும், அது என்னதான் என்று பார்க்க ஒரு சனிக்கிழமை பட்டறைக்குப் போய் உட்கார்ந்தேன். செப்புத் தகட்டின் மேல் மெழுகு பூசி, அதில் ஊசியால் கீற வேண்டும். ஊசி செம்பைத் தோண்டுவதில்லை, மெழுகை மட்டும் விலக்குகிறது. அப்புறம் தகட்டை அமிலத்தில் போட்டால், மெழுகு விலகிய கோடு வழியாக அமிலம் செம்பைத் தின்கிறது. எவ்வளவு நேரம் ஊறுகிறதோ அவ்வளவு ஆழம், அவ்வளவு கறுப்பு. பிறகு மை தடவி, துணியால் துடைத்து, ஈரத்தாளை மேலே வைத்து உருளைக்கு நடுவே விட்டு எடுத்தால் படம் இடவலம் மாறி வருகிறது. எண்ணெய் ஓவியம் என்றால் பிடிக்காத இடத்தின் மேல் இன்னொரு பூச்சு பூசிவிடலாம். இதில் அமிலம் கடித்த கோடு சுலபத்தில் போகாது. அன்று வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது உங்கள் நினைவாகவே இருந்தது. அழியாத கோட்டைப் போடத் தெரிந்த நீங்கள், வேறு சில முகங்களைத் தெரிந்தே இழந்தீர்களே என்று. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன் உங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

உங்கள் யூதக் குடும்பம் இங்கிலாந்திலிருந்து டப்ளினுக்கு வந்தது 1824-ல். லிதுவேனியாவிலிருந்து வந்த யூதர்கள் கிளான்பிராசில் தெருப் பக்கம் குடியேறியதெல்லாம் அதற்குப் பல பத்தாண்டுகள் பிந்தித்தான். நீங்கள் பிறந்த 1882-ல், உங்கள் வீட்டார் இந்த ஊர்க்காரர்களாகி 58 ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்பா மாரிஸ் சாலமன்ஸ் நாசா தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கூடவே ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் துணைத் தூதராகவும் இருந்தார். அம்மா ரோசா ஹல் நகரத்தில் பிறந்தவர். நீங்கள் ஒரு வயதுக் குழந்தையாக இருந்த 1883-ல் அவருடைய கவிதைகள் புத்தகமாக வந்தன. அக்காலத்தில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் கவிதைப் புத்தகம் போட்டாள் என்றால் அந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. உடன்பிறந்த சோஃபி ஓபரா பாடினார். தம்பி பெத்தெல் மருத்துவம் படித்தார். நீங்கள் 16 வயதில் ஓவியப் பள்ளிக்குப் போனீர்கள். வால்டர் ஆஸ்போர்னிடமும் வில்லியம் ஆர்பெனிடமும் படித்தீர்கள்.

உங்கள் அப்பா ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதிய 'யுலிசிஸ்' நாவலில் வருகிறார். 1904 ஜூன் 16-ஆம் தேதி வைஸ்ராயின் வண்டிகள் தெருவில் போகின்றன. துணைத் தூதரகத்தின் ஜன்னலில் திருவாளர் எம். இ. சாலமன்ஸின் தலை தெரிகிறது. ஒரே ஒரு வரி, அவ்வளவுதான். அதே அத்தியாயத்தில் நாவலின் நாயகன் லியோபோல்ட் புளூம் இந்த மெர்ச்சன்ட்ஸ் ஆர்ச்சின் கீழே நின்று பழைய புத்தகம் புரட்டுகிறார். புளூமின் அப்பா ஹங்கேரியிலிருந்து வந்த யூதர். கதையில் வரும் யூதர் நின்ற அதே வளைவை, நிஜத்தில் இருந்த யூதரின் மகள் பின்னால் வரைந்தாள். நான் மழைக்கு ஒதுங்கும் இடத்தில் இத்தனை பேர் நின்றிருக்கிறீர்கள்! நாவல் அச்சான 1922-ல்தான் உங்கள் அப்பாவும் காலமானார்.

ஆனால் அந்த 1904-ஐ வெறும் நாவலின் ஆண்டாக மட்டும் நினைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ஜனவரியில்தான் அயர்லாந்தின் லிமெரிக் நகரத்தில் ஜான் கிரே என்ற பாதிரியார் பிரசங்க மேடையில் ஏறி, யூதர்களோடு கொடுக்கல் வாங்கல் வைக்காதீர்கள் என்று பேசினார். கடைகள் வெறிச்சோடின, குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின. டப்ளினில் வசதியாக இருந்த உங்கள் வீட்டுக் கதவை அது தட்டவில்லைதான். இருந்தாலும் உங்களுக்கு அப்போது 21 வயது. செய்தித்தாள் படித்திருப்பீர்கள்.

உங்கள் தம்பி பெத்தெல் 1908-லிருந்து 1910 வரை அயர்லாந்துக்காக பத்து ரக்பி ஆட்டம் ஆடினார். ஒரு வண்டிக்காரர் இவரிடம் அயர்லாந்து அணியைப் பற்றிப் பேசும்போது, பதினான்கு புராட்டஸ்டன்ட்காரர்களும் ஒரு யூதனும் சேர்ந்தால் அது அயர்லாந்து அணியா என்று அலுத்துக்கொண்டாராம். அதை எல்லோரும் வேடிக்கைக் கதையாகத்தான் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு சேற்றில் விழுந்து எழுந்தவரைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. பிறகு அவர் ரொட்டுண்டா மகப்பேறு மருத்துவமனைக்குத் தலைவரானார். அங்கே அந்தப் பதவிக்கு 'மாஸ்டர்' என்று பெயர், ஏழு ஆண்டு காலம். 1926 முதல் 1933 வரை இந்த ஊரின் எத்தனையோ பிள்ளைகள் அவர் பொறுப்பில் இருந்த பிரசவ அறைகளில் முதல் மூச்சு விட்டிருக்கிறார்கள்.

சரி, உங்களுக்கு வருகிறேன்.

நீங்கள் அயர்லாந்தின் விடுதலைக்காகப் போராடிய கூமன் நா மான் என்ற பெண்கள் அமைப்பில் சேர்ந்தீர்கள். முதலுதவி, அணிவகுப்பு, சைகைச் செய்தி எல்லாம் பழகினீர்கள். கிரேட் பிரன்ஸ்விக் தெருவில், இன்றைய பியர்ஸ் தெருவில், உங்கள் ஸ்டூடியோ இருந்தது. விடுதலைப் போர் நடந்தபோது பிளாக் அண்ட் டான் என்ற பிரிட்டிஷ் காவல் படை தேடிக்கொண்டிருந்த ஆட்களுக்கு அதுதான் மறைவிடம். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல குடும்பத்துப் பெண் படம் வரையும் மாடி. உள்ளே தலைமறைவாக ஒருவர்.

அந்த அறையை நான் பலமுறை மனதில் பார்த்திருக்கிறேன். ஒளிந்திருப்பவருக்கு ஜன்னல் பக்கம் போக முடியாது, சத்தம் போட முடியாது, பொழுதும் போகாது. ஓவியருக்கோ அசையாமல் உட்கார ஓர் ஆள் வேண்டும். டர்பன்டைன் வாசனை, பலகையில் குழைத்த சாயம், மாடிப்படியில் காலடி கேட்டால் பாதியில் நிற்கும் தூரிகை. நீங்கள் அவர்களை வரைந்தீர்கள். வரைந்தது நன்றாக வந்தால் அதுவே ஆபத்து. தேடுகிறவன் கையில் அந்த முகம் கிடைத்தால் அதைவிட நல்ல அடையாளம் அவனுக்கு வேறென்ன வேண்டும்? அதனால் சில படங்களை அழிக்க வேண்டியதாயிற்று. முகம் அச்சு அசலாக வர வேண்டும் என்றுதானே உருவப்பட ஓவியர் வாழ்நாள் முழுவதும் பாடுபடுகிறார்? உங்களுக்கு அப்படி வந்ததே வினையாகிவிட்டது.

பிறகு வந்த உள்நாட்டுப் போரிலும் நீங்கள் பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தை ஏற்காத பக்கம் நின்றீர்கள். அது தோற்ற பக்கம். அதைச் சரி என்றோ தவறு என்றோ சொல்ல வந்தவள் இல்லை நான். ஆனால் அடைக்கலம் கேட்டு வந்தவனுக்குக் கதவைத் திறந்தீர்களே, அதற்காகவே உங்களை எனக்குப் பிடிக்கும்.

1925-ல் கவிஞர் ஷேமஸ் ஓசலிவனை மணந்தீர்கள். உங்களுக்கு 43 வயது, அவருக்கு 46. அவர் யூதர் இல்லை என்பதால் வீட்டில் சம்மதமில்லை. அதனால்தான் அத்தனை தாமதம். மதம் தாண்டிய காதலுக்கு வீடு சொல்லும் பதில் எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் வீட்டையும் முறித்துக்கொள்ளவில்லை, அவரையும் விடவில்லை. காத்திருந்தீர்கள். அந்தப் பொறுமையைப் பாராட்டுவதா, அதற்காக வருந்துவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவர் 1923-ல் தொடங்கிய 'டப்ளின் மேகசின்' என்ற இலக்கிய இதழ் 1958-ல் அவர் சாகும்வரை வந்தது. இளம் எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டின் கவிதை அதில் வந்திருக்கிறது. பெக்கெட்டின் அத்தை சிசி உங்கள் ஓவியப் பள்ளிக் காலத்துத் தோழி.

எனக்கு உங்கள் சார்பாகக் கோபம் வரும் இடம் ஒன்று இருக்கிறது. ராயல் ஹைபெர்னியன் அகாதெமி என்ற அயர்லாந்தின் கலை அமைப்பு 1925-ல் உங்களை இணை உறுப்பினராக எடுத்தது. அப்புறம் கௌரவ உறுப்பினர் என்று ஒரு மரியாதை செய்தது 1966-ல். இடையில் 41 ஆண்டுகள். ஓவியர் ஜாக் பி. யேட்ஸை 1922-லேயே வரைந்தவர் நீங்கள். இந்த நாட்டின் எழுத்தாளர்கள், போராளிகள் முகங்களெல்லாம் உங்கள் எதிரே வந்து உட்கார்ந்திருக்கின்றன. 84 வயதில் அந்த மரியாதை வந்தபோது அதைச் சொல்லி மகிழ ஷேமஸ்கூட இல்லை. இன்றும் உங்கள் பெயரைத் தேடினால் இன்னாரின் அக்கா, இன்னாரின் மனைவி என்றுதான் பலர் ஆரம்பிக்கிறார்கள். நானும் மேலே உங்கள் அப்பாவையும் தம்பியையும் சொல்லிவிட்டுத்தான் உங்களிடம் வந்தேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போன பிறகு நடந்த ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1968 நவம்பரில் நீங்கள் காலமானீர்கள். அடுத்த ஆண்டே பெத்தெலின் மகன் மைக்கேல், அவரும் மகப்பேறு மருத்துவர், இன்னும் சிலரோடு சேர்ந்து மெரியன் சதுக்கத்தில் ஒரு குடும்பக்கட்டுப்பாட்டு மையத்தைத் திறந்தார். அன்றைக்கு இந்த நாட்டில் கருத்தடைச் சாதனங்களை விற்பது குற்றம், 1935-லிருந்தே. பத்துப் பிள்ளை பெற்று உடம்பு ஓய்ந்துபோன பெண்ணுக்கும் அதே சட்டம்தான். அதனால் அவர்கள் எதையும் விற்கவில்லை. இலவசமாகக் கொடுத்துவிட்டு, மனமிருந்தால் நன்கொடை தாருங்கள் என்றார்கள். சட்டம் தளர ஆரம்பிக்கவே 1979 ஆயிற்று. வெளியே சாதாரணமான கதவு, உள்ளே சட்டத்துக்குப் பயந்து வந்தவர்களுக்கு உதவி. இதைப் படித்தபோது உங்கள் ஸ்டூடியோதான் கண்முன் வந்தது. அந்தப் பிள்ளையிடம் நீங்கள் அந்த நாட்களைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடலெய்ட் ரோட்டில் இருந்த யூத ஜெப ஆலயம் 1999-ல் மூடப்பட்டது. வால்வொர்த் ரோட்டில் ஒரு சின்ன யூத அருங்காட்சியகம் இருக்கிறது. நீங்களும் ஷேமஸும் கடைசியாகக் குடியிருந்த மோர்ஹாம்டன் ரோட்டுப் பக்கம் போன மாதம் நடந்தேன். உங்கள் தோழி கேத்லீன் குட்ஃபெல்லோ பறவைகளுக்காக விட்டுக்கொடுத்த தோப்பு அங்கே இருக்கிறது. அடர்ந்த மரங்கள். வேலிக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஏதோ ஒரு பறவை கத்தியது, கண்ணில் படவில்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அந்த முகங்களை அழித்தது உங்கள் கையாலேயா? துணியில் டர்பன்டைன் நனைத்துத் துடைத்தீர்களா, அடுப்பில் போட்டீர்களா? சண்டையெல்லாம் ஓய்ந்து, தேடுகிறவர்கள் யாரும் இல்லாமல் போன பிறகு, என்றாவது ஒரு நாள் அவர்களில் ஒருவரையாவது நினைவிலிருந்து மறுபடி வரைந்து பார்த்தீர்களா?

அன்புடன்,
டப்ளினிலிருந்து உங்கள் வாசகி