அட்டைப் படமும் ஐஸ் ஹொக்கியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் இதழில் ஓய்வுபெற்றவர்கள் பொழுதை எப்படிக் கழிக்கலாம் என்று அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. காலை நடை, வீட்டுத்தோட்டம், கோயில் தொண்டு, பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்வது. எழுதியவர் கொழும்பில் இருக்கிறார் போலிருக்கிறது. எங்கள் டிக்கோயாப் பக்கம் காலை நடை என்றால் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். முழங்கால் இரண்டுக்கும் சம்மதிப்பதில்லை. வீட்டுத்தோட்டத்தைக் குரங்குகளும் முள்ளம்பன்றியும் பொறுப்பெடுத்துவிட்டன. பேரன் டொரொண்டோவில். முப்பத்தொரு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்ற நான் பொழுதைக் கழிப்பது அந்தப் பட்டியலில் இல்லாத இரண்டு காரியங்களில். மலிவாக எடுத்த பழைய ராட்சதப் பிராணிப் படங்களைப் பார்ப்பேன். கனடாப் பக்கத்து ஐஸ் ஹொக்கியில் பெரிய அணிக்குப் போகக் காத்திருக்கும் பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்களைக் கவனித்துக் கொப்பியில் எழுதுவேன்.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். என் மனைவி சிரித்து முடித்துப் பல வருடமாகிறது.

முதலில் படம். 1959-ல் அமெரிக்காவில் 'அட்டாக் ஆஃப் த ஜயன்ட் லீச்சஸ்' என்று ஒரு படம் வந்தது. அட்டைப் படம். (பத்திரிகையின் அட்டைப்படம் அல்ல, காலில் ஏறும் அட்டை.) ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. புளோரிடாவின் சதுப்பு நிலத்தில் ஆள் உயரத்துக்கு வளர்ந்த அட்டைகள் மனிதர்களைத் தண்ணீருக்கடியில் ஒரு குகைக்கு இழுத்துப்போய் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் குடிக்கின்றன. அட்டைகளைப் பார்த்தால், நம் பெண்கள் கொழுந்து எடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்கில் நாலைந்தை ஒன்றாகத் தைத்து உள்ளே ஆளை விட்டதுபோல் இருக்கும். அட்டையைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல மலைநாட்டுக்காரனை விடத் தகுதியானவன் யார்? அட்டை யாரையும் இழுத்துப்போகாது. மழை நாளில் புல் நுனியில் ஆடிக்கொண்டு நிற்கும், கடித்தது தெரியாது, வீட்டுக்கு வந்து சாரத்தில் இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தேடுவோம். அது விழுந்த பிறகும் இரத்தம் நிற்காது. படம் எடுத்தவர்கள் ஒரு நாள் பொகவந்தலாவையில் மழைக்கு நின்றிருந்தால் இதைவிடப் பயங்கரமாக எடுத்திருப்பார்கள், செலவும் குறைந்திருக்கும்.

அந்தக் காலத்தில் காசில்லாதவர்கள் கண்ட குறுக்கு வழிகள்தான் எனக்குப் பிடித்த விஷயம். 1953-ல் 'ரொபோட் மொன்ஸ்டர்' என்ற படத்துக்கு இயந்திர மனிதன் உடை செய்யப் பணம் போதவில்லை. சொந்தமாகக் கொரில்லா உடை வைத்திருந்த ஒரு நடிகரைக் கூப்பிட்டு, தலைக்கு மட்டும் ஹெல்மெட் போட்டு, வேற்றுக்கிரகத்து எதிரி என்று காட்டிவிட்டார்கள். இன்னொரு படத்தில் ராட்சத மூஞ்சூறுகள் வேண்டும். நாய்களுக்கு உடை மாட்டி ஓடவிட்டார்கள். வால் ஆடுவதைப் பார்த்தால் அவற்றுக்கு அன்றைய நாள் சந்தோஷமாகப் போனது தெரியும்.

இப்படிப் பார்த்துப் பயப்பட முடியுமா என்று கேட்பவர்கள் காமன் கூத்து பார்த்ததில்லை. எங்கள் தோட்டத்தில் எமன் வேஷம் கட்டியவர் மேல் லயத்து லொறி டிரைவர். முகத்துக்குக் கரி பூசுவதை நாங்கள் பிள்ளைகள் கூடி நின்று பார்ப்போம். பாசக் கயிறு எந்த வீட்டு மாட்டுக் கயிறு என்பதும் தெரியும். ஆனால் இரவு தப்பு அதிர, தீப்பந்தத்துக்கு நடுவே அவர் பாய்ந்து வரும்போது அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொள்வோம். ஆள் யாரென்று தெரிந்தே பயப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது. இன்றைய கம்ப்யூட்டர் மிருகங்களில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிகிறது, நான் தூங்கிவிடுகிறேன்.

சரி, ஹொக்கிக்கு வருகிறேன். 2016 டிசம்பரில் மகள் வீட்டுக்குப் போனேன். நுவரெலியாவில் ஜனவரி மாதத்துப் பனி தேயிலையைக் கரிப்பதைப் பார்த்தவன் என்ற தைரியத்தில் ஒரு ஸ்வெட்டரோடு போய் இறங்கினேன். அப்புறம் மூன்று வாரம் வீட்டுக்குள்தான். அந்த நேரம் இருபது வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டி டொரொண்டோவிலும் மொன்ட்ரியலிலும் நடந்தது. வருடாவருடம் டிசம்பர் 26-ல் தொடங்கி ஜனவரி முதல் வாரத்தில் முடியும். பேரன் மடியில் இருந்துகொண்டு விதிகளைச் சொல்லித்தந்தான். பக் என்கிற அந்த வட்டு மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிப்பு, கடினமாக்கிய றப்பர். துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போவதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பார்களாம். கேகாலைப் பக்கம் றப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த என் அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவே இல்லை.

ஜனவரி 5 இறுதிப் போட்டியில் கனடா முதலில் 2-0, பிறகு 4-2 என்று முன்னால் நின்றது. அமெரிக்கா விடவில்லை. மேலதிக நேரமும் போய், தனித்தனியாக அடிக்கும் கட்டத்தில் அமெரிக்காவின் டிரோய் டெரி என்ற ஒரே பையன்தான் அடித்தான். 5-4. மருமகன் சோற்றுத் தட்டைத் தொடாமல் எழுந்து போய்ப் பனி அள்ளத் தொடங்கினார். இரவு பதினொரு மணி இருக்கும். அன்று பிடித்தது எனக்கு.

பெரிய அணிகளின் ஆட்டத்தை விட அதற்கு முந்திய கட்டம்தான் என் ருசி. ஜூன் மாதம் டிராஃப்ட் நடக்கும், அதாவது பெரிய அணிகள் முறை வைத்து ஒவ்வொரு பையனாகத் தெரிந்தெடுக்கும் நாள். இப்போது 32 அணிகள், ஏழு சுற்று, மொத்தம் 224 பையன்கள். பதினெட்டு வயதுப் பையன் ஐந்து வருடத்தில் என்னவாக வருவான் என்று ஊகித்துக் கூப்பிட வேண்டும். பச்சைக் கொழுந்தைக் கையில் எடுத்துப் பார்த்து, இது எப்படி வரும் என்று ஆயுள் முழுக்கச் சொன்னவனுக்கு இது தெரியாத தொழிலா என்று நினைத்தேன். 2017 கொப்பியில் முதலாவதாகப் போவது நோலன் பெற்றிக் என்று எழுதி இரண்டு கோடும் இழுத்தேன். சுவிஸ் பையன் நிக்கோ ஹிஷியர் முதலாவதாகப் போனான். அந்தப் பையன் கால் இறுதியில் அமெரிக்காவுக்கு எதிராக இரண்டு கோல் அடித்ததை டொரொண்டோவில் என் கண்ணாலேயே டிவியில் பார்த்தேன், ஆனாலும் பத்திரிகைக்காரர்கள் சொன்னதைக் கேட்டேன். (உங்களைச் சொல்லவில்லை.) நான்காவதாகப் போன கேல் மக்கார் அந்த வருடத்து எல்லோரையும் தாண்டிப் போய்விட்டான்.

1998-ஐ எடுங்கள். பஞ்சாபி வழிவந்த மெனி மல்ஹோத்ரா ஏழாவதாகப் போன வருடம். அதே டிராஃப்டில் 171-வது ஆளாக ரஷ்யப் பையன் பாவெல் டட்சுக்கை டிட்ரோயிட் அணி எடுத்தது. அதற்கு முந்திய வருடங்களில் அவனை யாரும் தொடவில்லை. அந்த அணியின் ஆள் தேடுபவர் வேறொரு வீரனைப் பார்க்கப் போன இடத்தில் இந்தச் சின்ன உருவத்தைக் கவனித்தார். பெரிய அணிகள் மோதும் ஸ்டான்லி கிண்ணத்தை இரண்டு முறை வென்றான். 2024-ல் ஹொக்கியின் புகழ் மண்டபத்திலும் சேர்த்துக்கொண்டார்கள். கொழும்பு ஏலத்தில் சில வாரம் டஸ்ட் தேயிலைக்கு நல்ல விலை கிடைத்து, இலைத் தேயிலை முழித்துக்கொண்டு நிற்கும். அப்போது தொழிற்சாலையில் நாங்கள் அடைகிற அதே சந்தோஷம்தான்.

குளிர்காலத்தில் அங்கே இரவு ஏழு மணி ஆட்டம் என்றால் இங்கே விடியற்காலை ஐந்தரை. பழைய வேலைப் பழக்கத்தில் நாலு மணிக்கே விழித்துக்கொள்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு கோப்பை தேத்தண்ணி, நேற்றைய ரொட்டி, கொப்பி. சிக்னல் போய்விட்டால் கோழிக் கூட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று பிடிக்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது பெரிய விஷயமில்லை. விளையாட்டுப் பக்கம் கிரிக்கெட்டுக்குத்தான், தெரியும். டிசம்பர் 26-க்குப் பிறகு பத்து நாள் மட்டும், கீழ் மூலையில் நான்கு வரியில் இருபது வயதுக்குட்பட்டோர் போட்டி முடிவுகளைப் போடுங்கள். கனடாவில் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் மலையகத்திலும் இருக்கின்றன. பேரனோடு தொலைபேசியில் பேச எங்களுக்கும் ஏதாவது வேண்டாமா? சினிமாப் பக்கத்தில் மலிவுப் படங்களைப் பற்றி எழுத ஆள் கிடைக்காவிட்டால் நான் இலவசமாக எழுதுகிறேன், கையெழுத்து மட்டும் மோசம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டீ மேக்கர், டிக்கோயா

பி.கு.: அட்டைப் படத்தின் முடிவில் குகைக்கு டைனமைட் வைக்கிறார்கள். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "ஏங்க, ஒரு மூட்டை உப்ப அந்தத் தண்ணியில கொட்டியிருந்தா முடிஞ்சிருக்குமே."