செபம் சொல்லாத வீடு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிராமப் பணிக்குச் செல்லும் நவதுறவியரை, அதாவது கத்தோலிக்கத் துறவற சபைகளில் தொடக்கப் பயிற்சி பெறுவோரை, ஊருக்குக் கற்பிக்க வருபவர்களாகவே பலரும் எண்ணுகின்றனர். என் அனுபவம் அதற்கு நேர்மாறானது. 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, நவதுறவுக் காலத்தில் 12 மாதங்களை நவதுறவு இல்லத்திலேயே கழிக்க வேண்டும் என்று விதிப்பதோடு, பயிற்சியை நிறைவுசெய்ய இல்லத்துக்கு வெளியே பணிக்காலங்களையும் அனுமதிக்கிறது. அவ்வாறு சிற்றூர் ஒன்றுக்குச் சென்ற நான், முதல் வீட்டில் மனப்பாடமான செபத்தைத் தொடங்கியதும், படுக்கையில் கிடந்த மூதாட்டி என் கையைப் பற்றி, "முதல்ல உட்காரும்மா" என்றார். ஒரு மணி நேரம் இறந்துபோன மகனைப் பற்றியே பேசினார். செபத்தை நான் கடைசிவரை சொல்லவில்லை. அன்றிரவு குறிப்பேட்டில் எழுத ஒன்றுமில்லையே என்று வருந்தியதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. சந்தித்த வீடுகளின் எண்ணிக்கையைக் கேட்கும் வழக்கத்தைப் பயிற்சியாளர்கள் கைவிட வேண்டும்.

இப்படிக்கு,
அருட்சகோதரி ஒருவர்