படை உடன்பாடுகள் நாடாளுமன்றத்தின் முன் வரட்டும்: தமிழ்நாடு, புதுச்சேரி உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தில்லியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் மக்களவைக்கு வந்திருக்கும் நீங்களும், மாநிலங்களவையில் இருக்கும் உங்கள் தோழர்களும், கட்சி வேறுபாடு பாராமல் இதைப் படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். என் கோரிக்கை ஒன்றுதான். வேறொரு நாட்டின் போருக்குள் இந்தியாவை இழுக்கக்கூடிய எந்தப் படை உடன்பாடாக இருந்தாலும், அது நடைமுறைக்கு வருவதற்கு முன் அதன் முழு வாசகமும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும் என்று ஒரு சட்டம் வேண்டும். அதற்கு நீங்கள் முன்கை எடுக்க வேண்டும்.

வெளியுறவு தங்கள் தொகுதிக்குத் தொலைவான விஷயம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தக் கப்பல் ஏன் சென்னைக்கு வந்தது என்பதைத்தான் நாம் போதிய அளவு விளக்கிச் சொல்லவில்லை. அதே ஆண்டு ஜூன் 28 அன்று போஸ்னியாவின் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையின் பின்னால் செர்பியா இருக்கிறது என்று கருதிய ஆஸ்திரியா–ஹங்கேரி அந்நாட்டைத் தண்டிக்க விரும்பியது; 1879 முதல் அதன் கூட்டாளியாக இருந்த ஜெர்மனி, ஜூலை 5, 6 தேதிகளில், என்ன செய்தாலும் உடன் நிற்போம் என்று வரம்பில்லாத உறுதியைக் கொடுத்தது. செர்பியாவைக் கைவிட மனமில்லாத ரஷ்யா தன் படைகளைத் திரட்டியது. ரஷ்யாவோடு பிரான்சு 1894 முதல் கட்டுண்டிருந்ததால், இரு முனைப் போருக்கு அஞ்சிய ஜெர்மனி முதலில் பிரான்சை வீழ்த்தத் திட்டம் வைத்திருந்தது. அத்திட்டத்தின் பாதை பெல்ஜியத்தின் வழியே சென்றது. பெல்ஜியத்தின் நடுநிலைமைக்கு 1839-இல் உறுதி தந்திருந்த பிரிட்டன் ஆகஸ்ட் 4 அன்று போரில் இறங்கியது. பிரிட்டனோடு 1902 முதல் கூட்டு வைத்திருந்த ஜப்பானும் இறங்கும் என்ற நிலை வர (ஆகஸ்ட் 23 அன்று அது இறங்கியது), சீனக் கரையில் சிங்தாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்த ஜெர்மானியக் கப்பல்களுக்குக் கிழக்கில் இருக்க இடமில்லாமல் போயிற்று. அவற்றுள் ஒன்று தனியே பிரிந்து இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. சரயேவோவில் சுடப்பட்ட துப்பாக்கிக்கும் சென்னைத் துறைமுகத்தில் எரிந்த எண்ணெய்க்கும் இடையே மூன்று மாதம்கூட இல்லை. இடையில் இருந்த கண்ணிகளில் பெரும்பாலானவை உடன்பாடுகள்.

இந்த உடன்பாடுகளைச் செய்தவர்களில் எவரும், ஒரு பெரும்போரைத் தொடங்குவதற்காக இதைச் செய்கிறோம் என்று எண்ணிக் கையெழுத்திடவில்லை. ஒவ்வொன்றும் தற்காப்பு என்ற பெயரில்தான் பிறந்தது. ரஷ்யா தாக்கினால் என்ன செய்வது என்ற அச்சத்தில் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் சேர்ந்தன. 1882-இல் இத்தாலியும் சேர்ந்தபின் தாங்கள் தனித்துவிடுவோம் என்ற அச்சத்தில் பிரான்சும் ரஷ்யாவும் சேர்ந்தன. ஒரு தரப்பு தனக்கென்று கட்டிய அரணை எதிர்த்தரப்பு முற்றுகையாகவே பார்த்தது. ரஷ்யாவோடும் ஒரு தனி உடன்பாடு வைத்திருந்து, எந்தப் பக்கமும் கதவை முழுவதுமாக அடைக்காமல் ஜெர்மனியின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் காத்த சமநிலையை, அவருக்குப் பின் வந்தவர்கள் 1890-இல் அந்த உடன்பாட்டைப் புதுப்பிக்காமல் விட்டுக் குலைத்தார்கள். அதன்பின் ஜெர்மனிக்கு நம்பகமான துணை என்று ஆஸ்திரியா ஒன்றுதான் மிஞ்சியது.

என் பார்வையில் ஆபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஒரே ஒரு துணை மட்டும் எஞ்சியிருக்கும் வல்லரசு, அந்தத் துணையை இழந்துவிடுவோமோ என்ற கவலையில், அதைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை இழக்கிறது. ஆஸ்திரியா ஜெர்மனியைவிட எவ்வளவோ வலிமை குறைந்தது. ஆயினும் 1914 ஜூலையில் ஜெர்மனி எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை வியன்னா நகரத்து அமைச்சர்கள் தீர்மானித்தார்கள். ரஷ்யாவின் நம்பிக்கையை இழக்கக் கூடாது என்பதால் பிரான்சும் ரஷ்யாவை உறுதியாகத் தடுக்கவில்லை. கூட்டாளியைத் தடுத்தால் கூட்டு முறியும், தடுக்காவிட்டால் போர் வரும் என்ற நெருக்கடியில், கூட்டு முறிவது உடனடியான இழப்பாகவும் போர் வெறும் சாத்தியமாகவும் அவர்களுக்குத் தெரிந்தன. துணை இருக்கிறது என்ற துணிவு ஒரு அரசைத் தன்னளவில் எடுக்கத் தயங்கும் முடிவுக்குத் தள்ளும் என்பது நம் வரலாற்றுக்கும் புதிதல்ல. சங்க காலத்தில் தலையாலங்கானப் போர்க்களத்தில் இளம் பாண்டியனை எளிதாக எண்ணி எதிர்த்த சேரனும் சோழனும் ஐந்து வேளிரும் தனித்தனியே அந்தக் களத்துக்கு வந்திருப்பார்களா என்பது ஐயமே.

அந்த உடன்பாடுகளின் வாசகத்தையும் பாருங்கள். பிரான்சும் ரஷ்யாவும் செய்துகொண்ட படை உடன்படிக்கையில், ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி சேர்ந்த முக்கூட்டில் உள்ள எந்த நாடு படை திரட்டினாலும், முன்கூட்டிக் கலந்து பேச வேண்டிய தேவையின்றி இரு நாடுகளும் உடனே தங்கள் படைகளைத் திரட்ட வேண்டும் என்று இருந்தது. போர் வேண்டுமா வேண்டாமா என்று ஆராய வேண்டிய நாட்களை அந்த ஒரு வரி முன்கூட்டியே விழுங்கிவிட்டது. அதைத் தங்கள் மகன்களின் உயிரால் நிறைவேற்ற வேண்டியிருந்த பிரெஞ்சு மக்களின் நாடாளுமன்றத்துக்கு, போர் வரும்வரை அதன் வாசகம் காட்டப்படவே இல்லை. அதே வேளையில், இத்தாலி முக்கூட்டின் உறுப்பு நாடாக இருந்தும் 1914-இல் போரில் சேரவில்லை. எங்கள் உடன்பாடு தற்காப்புக்கானது, ஆஸ்திரியாவே முதலில் தாக்கியிருக்கும்போது அது எங்களைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி விலகி நின்றது. மறு ஆண்டு லண்டனில் போட்ட இன்னொரு இரகசிய ஒப்பந்தத்தின்படி எதிரணியில் சேர்ந்தது வேறு கதை. வாசகத்தில் உள்ள ஒரு நிபந்தனை ஒரு நாட்டுக்குச் சிந்திக்க அவகாசம் தரும் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ள விரும்புகிறேன்.

பிரிட்டனின் கதைதான் உங்களுக்கு, அதாவது ஒரு நாடாளுமன்றத்தின் உறுப்பினர்களுக்கு, மிக நெருக்கமானது. பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இடையே போர்க்கூட்டு ஒப்பந்தம் எதுவும் இல்லை. 1904-இல் செய்துகொண்டது காலனிகளைப் பற்றிய இணக்கம் மட்டுமே. ஆனால் 1906 முதல் இரு நாட்டுப் படைத் தலைமைகளும் கலந்து பேசத் தொடங்கின. வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரேயும் இன்னும் சிலரும் தவிர, அமைச்சரவையில் பெரும்பாலோருக்கு 1911 வரை இது தெரியாது. போர் வந்தால் பிரிட்டிஷ் படை எங்கே இறங்கும், பிரெஞ்சு அணியின் எந்தப் பக்கத்தில் நிற்கும் என்பதுவரை திட்டமாயிற்று. 1912 நவம்பரில் கிரேயும் பிரெஞ்சுத் தூதர் கம்போனும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், இந்தப் பேச்சுகள் எந்த அரசையும் கட்டுப்படுத்தாது என்று தெளிவாகவே சொல்லின. அதே காலத்தில் பிரெஞ்சுக் கடற்படை மத்தியதரைக் கடலில் குவிய, பிரிட்டிஷ் கடற்படை வட கடலைப் பார்த்துக்கொண்டது. 1914 ஆகஸ்ட் 3 அன்று கிரே நாடாளுமன்றத்தில் எழுந்து, நம்மைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டு, பிரான்சின் வடக்குக் கடற்கரை நம்மை நம்பிக் காவலின்றிக் கிடக்கிறது என்றும் சொன்னார். கையெழுத்தில்லாத கடப்பாடு கையெழுத்துள்ளதைப் போலவே கட்டியது. உறுப்பினர்கள் அதை அறிந்துகொண்டபோது, மறுத்துப் பேசுவதற்கு அவர்களுக்கு ஒரே ஒரு நாள் இருந்தது. இந்தியர்களுக்கு மின்டோ–மார்லி சீர்திருத்தத்தால் அறிமுகமான ஜான் மார்லி, இதை ஏற்க முடியாமல் அமைச்சரவையிலிருந்து விலகினார்.

இந்தியாவுக்கு அந்த ஒரு நாளும் கிடைக்கவில்லை. லண்டன் போரில் இறங்கியதும் நாமும் போரில் இருந்தோம். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் பிரான்சுக்கும் மெசபடோமியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பப்பட்டனர். நீங்கள் அவைக்குப் போகும் வழியில் காணும் இந்தியா கேட், அந்தப் போரிலும் அதையடுத்த ஆண்டுகளிலும் மாண்ட 70,000-க்கும் மேற்பட்ட வீரர்களுக்காக எழுப்பப்பட்டது; 1931-இல் திறக்கப்பட்டது. வேலூர்ப் பக்கத்து ஊர்களில், இங்கிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று பொறித்த கற்பலகைகள் இன்னும் உண்டு. 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ யாரையும் கேளாமல் இந்தியா போரில் இருப்பதாக மீண்டும் அறிவித்தார். அதை ஏற்காமல் சென்னையில் ராஜாஜியின் அமைச்சரவை அடுத்த மாதமே பதவி விலகியது. நம்மைக் கேட்காமல் நம்மைப் போரில் சேர்க்கக் கூடாது என்பது அன்று ஆட்சியையே துறக்கும் அளவுக்கு முக்கியமான கொள்கையாக இருந்தது.

இன்றைய நிலை என்ன? அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, ஒன்றியப் பட்டியலின் 14-ஆம் பதிவு அயல்நாடுகளுடன் ஒப்பந்தம் செய்வதையும், 15-ஆம் பதிவு போரையும் அமைதியையும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றக்கூடிய பொருள்களாக வைத்திருக்கின்றன. அப்படியிருந்தும், ஒப்பந்தம் செய்யும் முறையை வரையறுக்கும் சட்டம் எதையும் நாம் இயற்றவில்லை. ஆகவே ஆட்சியில் இருப்பவர்கள், எக்கட்சியினராயினும், உங்களிடம் காட்டாமலேயே ஓர் உடன்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவரலாம். பிரிட்டனில், 1914-இல் போரை எதிர்த்த உறுப்பினர்களுள் ஒருவரான ஆர்தர் பான்சன்பி, பத்து ஆண்டுகள் கழித்து வெளியுறவுத் துறைப் பொறுப்புக்கு வந்தபோது, ஒப்பந்தங்களை உறுதிசெய்யுமுன் 21 நாட்கள் நாடாளுமன்றத்தில் வைக்கும் வழக்கத்தைத் தொடங்கினார். 2010-இல் அது சட்டமாகவே ஆனது. அமெரிக்காவில் செனட் சபையின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் வேண்டும். அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த நேட்டோ படைக்கூட்டின் ஒப்பந்தத்தில் ஐந்தாம் பிரிவு, ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதல் என்று சொன்னபோதும், தேவையென்று தான் கருதும் நடவடிக்கையை ஒவ்வொரு நாடும் எடுக்கலாம் என்று இடைவெளி விட்டிருப்பதற்கு, அந்தச் செனட் சபையை மனத்தில் வைத்து அதை வரைந்ததும் ஒரு காரணம்.

கூட்டணிகள் போரைத் தடுத்ததும் உண்டு என்று நீங்கள் சொன்னால், அதை நான் மறுக்கமாட்டேன். 1971 ஆகஸ்ட் 9 அன்று இந்தத் தில்லியில் வெளியுறவு அமைச்சர்கள் ஸ்வரண் சிங்கும் குரோமிகோவும் கையெழுத்திட்ட இந்திய–சோவியத் ஒப்பந்தம், அமெரிக்காவும் சீனாவும் பாகிஸ்தானின் பக்கம் சாய்ந்திருந்த வேளையில் நமக்குப் பெரிய பாதுகாப்பாக இருந்தது. ஆனால் அதன் ஒன்பதாம் பிரிவு, தாக்குதல் நேர்ந்தால் இரு நாடுகளும் உடனே கலந்து பேசும் என்றுதான் சொன்னது. தானாகவே போரில் இறங்கும் என்று சொல்லவில்லை. அதன் வாசகமும் வெளியிடப்பட்டது. நல்ல துணை வேண்டாமென்று நான் சொல்லவில்லை, அந்தத் துணைக்கு நாம் என்ன வாக்குக் கொடுத்தோம் என்று தெரிய வேண்டும் என்கிறேன்.

இப்போது இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2024 ஜூனில் ரஷ்யாவும் வட கொரியாவும் ஒருவருக்கொருவர் படை உதவி செய்யும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2025 செப்டம்பரில் சவூதி அரேபியாவும் பாகிஸ்தானும் ஒருவர் மீதான தாக்குதலை இருவர் மீதான தாக்குதலாகக் கருதும் உடன்பாடு ஒன்றைச் செய்துகொண்டன. வளைகுடாவில் உழைக்கும் தமிழர்களின் குடும்பங்கள் உங்கள் தொகுதிகளில்தான் இருக்கின்றன என்பதை நினைவில் கொள்ளுங்கள். இந்தியா ஒரு பக்கம் அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியாவுடன் குவாட் அமைப்பிலும், மறு பக்கம் ரஷ்யா, சீனாவுடன் ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பிலும் அமர்கிறது. 2016, 2018, 2020 ஆண்டுகளில் அமெரிக்காவுடன் தளவாட வசதி, தகவல் தொடர்பு, புவியியல் தரவு பற்றிய படை உடன்பாடுகளைச் செய்தது. இவற்றில் எதுவும் நம்மைப் போருக்குக் கட்டாயப்படுத்துவதாக நான் கருதவில்லை. பல பக்கமும் கதவு திறந்திருப்பது நல்லது என்றே நம்புகிறேன். ஆயினும், கட்டுப்படுத்தாத பேச்சுகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து எப்படிக் கட்டுப்பாடாக மாறின என்பதற்கு 1906 முதல் 1914 வரையிலான லண்டன் ஒரு சான்று. அதற்கு எதிரான காவல், அவ்வப்போது கேள்வி கேட்கும் ஓர் அவை.

நாட்டின் பாதுகாப்பு இரகசியம் என்ற பதில் உங்களுக்குக் கிடைக்கும். கப்பல் எங்கே நிற்கிறது, குறியீட்டு முறை எது, எந்த ஏவுகணை எங்கே இருக்கிறது என்பவை இரகசியமாகவே இருக்கட்டும். எந்தச் சூழ்நிலையில் இந்தியப் படை மற்றொரு நாட்டுக்காகப் போரிடும் என்ற வாக்குறுதி, அந்தப் படைக்கு ஆள் அனுப்பும் மக்களிடமிருந்து மறைக்கத் தக்கதல்ல.

வெள்ளிக்கிழமை பிற்பகல்களில், அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கு அவை நேரம் ஒதுக்குகிறது. வரும் கூட்டத்தொடரில் உங்களில் ஒருவர், முடிந்தால் ஆளுங்கட்சிக் கூட்டணியிலிருந்து ஒருவரும் எதிர்க்கட்சியிலிருந்து ஒருவரும் சேர்ந்து, இந்த மசோதாவைக் கொண்டுவர வேண்டுகிறேன். படைக் கடப்பாடு உள்ள உடன்பாடுகளை நடைமுறைக்கு முன் இரு அவைகளிலும் வைப்பது, அவசரமென்று விலக்குக் கேட்டால் குறிப்பிட்ட நாட்களுக்குள் காரணத்தோடு வைப்பது, படைத் தலைமைகளுக்கிடையே நடக்கும் கூட்டுத் திட்டமிடல் பற்றி வெளியுறவு நிலைக்குழுவுக்கும் பாதுகாப்பு நிலைக்குழுவுக்கும் ஆண்டுதோறும் அறிக்கை தருவது ஆகிய மூன்றும் அதில் இருந்தால் போதும். தனிநபர் மசோதா நிறைவேறுவது அரிது என்பதை அறிவேன். அது விவாதத்துக்கு வந்தால் அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் அவைக் குறிப்பில் ஏறும்.

இப்படிக்கு,
தில்லிவாழ் தமிழர், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்