ஸ்லாஷர் கத்தியை ஜோடியாகக் கொடுங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட நிர்வாகிகளுக்கும் ஸ்டோர் கிராணிமார்களுக்கும் வணக்கம்.

டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் புல், புதர் வெட்டும் ஸ்லாஷரில் கத்தி தேய்ந்துவிட்டது என்று கேட்டால், ஸ்டோரிலிருந்து ஒரே ஒரு கத்தி வருகிறது. போல்ட் பழையதே போதுமாம். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். இரண்டு கத்தி, இரண்டு போல்ட், அவற்றுக்கான புது லாக் நட், வாஷர் எல்லாம் ஒரே செட்டாக வரட்டும்.

ஒரு பக்கம் புதுக் கத்தி, மறுபக்கம் தேய்ந்த கத்தி என்றால் எடை ஒத்துவராது. டிராக்டரின் விசையை ஸ்லாஷருக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடும்போது அந்த வித்தியாசம் முழுவதும் அதிர்வாகி கியர்பாக்ஸின் அடி பேரிங்கில் இறங்கும். பேரிங் ஆடினால் ஆயில் சீல் போகும். கத்தி விலையில் மிச்சம் பிடித்தது கியர்பாக்ஸில் போய்விடும்.

பழைய போல்ட்டைக் கழற்றி, கத்தி சுழலும் கழுத்துப் பகுதியில் நகத்தால் இழுத்துப் பாருங்கள். நகம் தேய்மானப் படியில் தட்டினால் அதைத் தூக்கிப் போடவேண்டியதுதான். இறுக்கிய பிறகும் கத்தி கையால் தள்ளினால் தாராளமாகச் சுழலவேண்டும். கட்டையில் மோதும்போது பின்வாங்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். துருவேறி இறுகிய கத்தி அடியை நேரே கியருக்கு அனுப்பும். அடி பலமானால், வேண்டுமென்றே பலம் குறைத்து நடுவில் வைத்த ஷியர் போல்ட் அறுந்து காப்பாற்றும். அதற்குப் பதிலாகக் கையில் கிடைத்த உறுதியான போல்ட்டைப் போடுகிறவர்களுக்கு அடுத்து அறுவது கியர் பல்தான்.

சாணை பிடிக்கும்போது பழைய சாய்வையே பின்பற்றி, விளிம்பில் ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் மொக்கையாக விடுங்கள். சவரக்கத்தி மாதிரி தீட்டினால் முதல் கல்லிலேயே பல் விழும். கிரைண்டர் சூட்டில் நீலம் பாய்ந்த கத்தியும் வெல்டிங் வைத்த கத்தியும் வேண்டாம். உடைந்து பறந்தால் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்லமுடியாது.

கத்தித் தட்டைப் பிடித்திருக்கும் நடு நட்டுக்கு, கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும். ஸ்பேனரில் குழாயைச் செருகித் தொங்குவது அளவு ஆகாது. நட்டு கழலாமல் பூட்டும் கோட்டர் பின் ஒவ்வொரு முறையும் புதிது. தளர்ந்த தட்டு ஷாஃப்ட்டின் பற்களைத் தின்றுவிடும். அப்படியே தட்டுக்கு மேலே பாருங்கள்: உர மூட்டையின் நைலான் நூல் ஷாஃப்ட்டில் சுற்றி, சூட்டில் இறுகி வளையமாக ஒட்டியிருக்கும். ஆயில் சீலை அறுப்பதில் பாதி வேலை அதுதான். கத்தியால் கீறி எடுத்துவிட்டு, கியர் ஆயில் அளவையும் பாருங்கள்.

எஞ்சினை அணைத்து, சாவியைப் பையில் போட்டு, கத்தி நின்ற பிறகு, பி.டி.ஓ. ஷாஃப்ட்டைக் கழற்றி, கனமான கட்டைகளில் ஸ்லாஷரை உட்காரவைத்த பின்தான் கீழே போகவேண்டும். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பிப் போகச் சொன்னால் ஆள் மறுக்கலாம். உடனடி ஆபத்திலிருந்து விலகும் உரிமை மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்திலேயே இருக்கிறது.

அடுத்த ஆர்டரில் டிராக்டருக்கு ஒரு செட் கத்தியும், பட்டறைக்கு ஒரு டார்க் ரெஞ்ச்சும் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஊர் டிராக்டர் பட்டறைக்காரர்கள்