கேஸி ஹட்சனுக்கு: அந்தக் கடைசிப் பத்து நிமிடம்

அன்புள்ள கேஸி ஹட்சன் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் இயக்கிய, பயோவேர் நிறுவனத்தின் வீடியோ கேமான மாஸ் எஃபெக்ட் 3 வந்தது 2012 மார்ச்சில். அதன் முடிவைத் திட்டி உங்களுக்கு வராத கடிதமே இருந்திருக்காது. இத்தனை வருடம் கழித்து இன்னொன்றா என்று நீங்கள் சலித்துக்கொண்டாலும் நியாயம்தான். ஆனால் அன்று எழுதியவர்களில் பலர் கோபத்தில் எழுதினார்கள். எனக்குக் கோபம் எப்போதோ அடங்கிவிட்டது. வருத்தம் மட்டும் போக மாட்டேன் என்கிறது.

(முடிவு முழுவதையும் இங்கே உடைத்துவிடுவேன். இன்னும் ஆடாதவர்கள் ஆடிவிட்டு வாருங்கள். மூன்று பாகமும் 2021இல் லெஜண்டரி எடிஷன் என்று ஒரே தொகுப்பாக வந்திருக்கிறது.)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதையின் நாயகப் பாத்திரமான ஷெப்பர்ட் சாவதில் எனக்குக் குறை இல்லை. அவள் சாவாள் என்று மூன்றாம் பாகம் தொடங்கும்போதே தெரிந்துவிட்டது. ஷெப்பர்ட் ஆணா பெண்ணா என்பதை ஆடுபவரே தேர்ந்தெடுக்கலாம், என் ஷெப்பர்ட் பெண். ஜெனிஃபர் ஹேலின் குரலைக் கேட்ட பிறகு வேறு ஷெப்பர்டை என்னால் நினைக்கவும் முடியவில்லை. சோகமான முடிவும் எங்களுக்குப் புதிதில்லை, க்ளைமாக்ஸில் நாயகனைக் கொன்றால் கைதட்டி அழும் கூட்டம்தான் நாங்கள். என் வருத்தம் வேறு.

உங்கள் தொடரின் கதை, ஒரு வரியில் சொன்னால், பழைய கதைதான். ஐம்பதாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை ரீப்பர்கள் என்ற ராட்சத இயந்திரங்கள் வந்து, வளர்ந்த நாகரிகங்களை எல்லாம் அறுவடை செய்துவிட்டுப் போகும். அதைத் தடுக்கக் கிளம்புகிறாள் ஒரு படை அதிகாரி. புதிதாக நீங்கள் செய்தது சேவ் ஃபைலில், அதாவது ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் கோப்பில், இருந்தது. 2007இல் முதல் பாகத்தில் நான் எடுத்த முடிவு, 2010இல் இரண்டாம் பாகத்துக்கும், அங்கிருந்து மூன்றாவதுக்கும் என் கூடவே வந்தது. விர்மைர் கிரகத்தின் கடற்கரையில், ஷெப்பர்டின் குழுவில் இருக்கும் குரோகன் இனத்து வீரன் ரெக்ஸ் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கும்போது பேசிச் சமாளித்தால், அடுத்த பாகத்தில் டுச்சாங்கா கிரகத்தில் குரோகன்களின் தலைவனாக உட்கார்ந்திருப்பான். ஷெப்பர்டைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பற்றிக்கொள்வான். பேசத் தெரியாமல் சுட்டுவிட்டால் அந்த இடத்தில் வேறு ஒருவன் இருப்பான். பழைய கணக்கை மறக்காத கேம் என்ற பெயர் உங்களுக்கு வந்தது இப்படித்தான்.

ரானாக் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். என் வழக்கே அங்கேதான் இருக்கிறது. குவேரியன் என்ற இனத்தார் வேலைக்காரர்களாகப் படைத்த இயந்திரங்கள் கெத். அவை யோசிக்கத் தொடங்கியதும் பயந்துபோய் அழிக்கப் பார்த்தார்கள். போரில் தோற்றுச் சொந்தக் கிரகமான ரானாக்கை விட்டே ஓடினார்கள். முந்நூறு வருடமாகக் கப்பல்களிலேயே குடித்தனம். மூன்றாம் பாகத்தில் இருவரும் மறுபடி மோதும்போது கெத் பக்கம் நின்றால், குவேரியன் கப்பற்படை வானத்திலேயே எரிந்து விழும். ஷெப்பர்டின் குழுவில் இருக்கும் குவேரியன் பெண் டாலி முகமூடியைக் கழற்றிவிட்டு, மலை விளிம்பிலிருந்து அப்படியே பின்னால் சாய்ந்துவிடுவாள். குவேரியன் பக்கம் நின்றால் கெத் இனமே அழியும்.

இரண்டு பேரையும் காப்பாற்ற ஒரு வழி வைத்திருந்தீர்கள். ஆனால் அதற்கான வேலையை இரண்டாம் பாகத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். டாலியின் விசாரணையில் அவளை நாடு கடத்தாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஷெப்பர்டின் நார்மண்டி கப்பலில் அவள், அதே குழுவில் இருந்த கெத் லீஜியன் மேல் துப்பாக்கி நீட்டிய அன்று, இருவரில் ஒருவரும் மனம் முறியாமல் சண்டையைத் தீர்த்திருக்க வேண்டும். பிறகு மூன்றாம் பாகத்தில் குவேரியன் அட்மிரல் கோரிஸை மீட்டிருக்க வேண்டும். இதெல்லாம் போதுமான அளவு கூடி வந்தால், அந்த மலை உச்சியில் ஒரே ஒரு வாய்ப்பு திறக்கும். ஷெப்பர்ட் கப்பற்படையைப் பார்த்து 'சுடாதீர்கள்' என்று கத்துவாள். அவர்கள் நிறுத்துவார்கள். தன்னை எப்போதும் 'நாங்கள்' என்றே சொல்லிவந்த லீஜியன், தன்னையே தன் இனத்துக்குக் கொடுத்துவிட்டு, 'நான்' என்று சொல்லி அணையும். டாலி முகமூடியைக் கழற்றித் தன் கிரகத்தின் காற்றை மூச்சில் வாங்குவாள். படைத்தவர்களும் படைக்கப்பட்டவர்களும் ஒரே கிரகத்தில் சேர்ந்து வாழலாம் என்பதை வசனமாகச் சொல்லாமல் எங்களையே செய்ய வைத்தீர்கள். அதற்காக இன்றைக்கும் உங்களுக்கு ஒரு கும்பிடு.

சரி, இப்போது முடிவுக்கு வருவோம்.

லண்டனில், சிட்டடல் என்ற விண்வெளி நிலையத்துக்கு ஏற்றிச் செல்லும் ஒளிக்கற்றையை நோக்கி ஓடும்போது, ஹார்பிஞ்சர் என்ற ரீப்பரின் தாக்குதலில் ஷெப்பர்ட் விழுகிறாள். கவசம் கருகி, கையில் ஒரு பிஸ்டலோடு நொண்டி நொண்டி எழுகிறாள். வழியில் கடைசி எதிரியாக நிற்பது மாரோடர் என்ற ஒரு சாதாரண ரீப்பர் சிப்பாய். (பாவம், அவனுக்கு 'மாரோடர் ஷீல்ட்ஸ்' என்று பெயர் வைத்து, முடிவைப் பார்க்கவிடாமல் எங்களைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்த மாவீரன் என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். நானும் மனதுக்குள் ஒரு மாலை போட்டேன்.) பிறகு சிட்டடல். ரீப்பர்களை அடக்கி ஆள நினைக்கும் இல்லூசிவ் மேனோடு பேச்சு. ஷெப்பர்டின் மேலதிகாரி ஆண்டர்சனும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கீழே பூமியைப் பார்ப்பது. அவளை நினைத்துப் பெருமைப்படுகிறேன் என்று அவர் சொல்லிவிட்டு அடங்குவது. அங்கேயே திரையை இருட்டியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

ஆனால் ஒரு மேடை மேலே எழும்புகிறது. ஒளியால் ஆன ஒரு சின்னப் பையன் வருகிறான். ரீப்பர்களைக் கட்டுப்படுத்துவது தான்தான் என்கிறான். ஊரே கூடித் தேரை இழுத்து நிலைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் நேரத்தில், அதுவரை யாரும் பார்த்திராத ஒருவர் குறுக்கே வந்து, தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று உத்தரவு போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. அவன் சொல்லும் தத்துவம் இது: படைக்கப்பட்டவை படைத்தவர்களை எதிர்த்தே தீரும், அதனால் அந்தப் போர் வரும் முன்னே ரீப்பர்கள் வந்து அறுவடை செய்கின்றன. நானோ சில மணி நேரத்துக்கு முன்னால்தான் ரானாக்கில் அதற்கு நேர்மாறான ஒன்றை நடத்திக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன். அந்தப் பையனே கெத்தின் பெயரைச் சொல்கிறான். ஷெப்பர்ட் மட்டும் வாயைத் திறப்பதில்லை. 'கெத்தும் குவேரியனும் இதோ இந்தச் சண்டையில் என் பக்கம் ஒன்றாக நிற்கிறார்களே' என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, பதில்களைத் தேர்ந்தெடுக்கும் பேச்சுச் சக்கரத்தில் இல்லை. ஆயிரம் இடத்தில் பேசியே ஜெயித்தவள் அங்கே ஊமையாகிவிட்டாள்.

சரி, அவன் தரும் மூன்று வழிகளைப் பாருங்கள். ரீப்பர்களைக் கட்டுப்படுத்துவது: சற்றுமுன் இல்லூசிவ் மேனிடம் தவறு என்று வாதாடிய அதே திட்டம். இயந்திரத்தையும் உயிரையும் ஒன்றாகக் கலப்பது: முதல் பாகத்தில் வில்லன் சாரென் மயங்கிய கனவுக்குப் பக்கத்து வீடு, அதுவும் அண்டத்தில் ஒரு ஜீவனிடமும் கேட்காமல். அழிப்பது: ரீப்பரோடு சேர்த்து கெத், நார்மண்டியின் செயற்கை அறிவான ஈடி எல்லாரும் போவார்கள். நான் மீட்ட கெத்தை நானே அழிக்க வேண்டும். நான் அழிப்பைத்தான் தேர்ந்தெடுத்தேன், வேறு வழி தெரியவில்லை.

அப்புறம் ஒரு நிற வெடிப்பு. நீலம், பச்சை, சிவப்பு என்று நிறம்தான் மாறியது, காட்சி கிட்டத்தட்ட ஒன்றே. என்னோடு லண்டனில் ஓடியவர்கள் எப்படியோ நார்மண்டியில் ஏறி, ஏதோ ஒரு காட்டுக் கிரகத்தில் விழுந்து, கதவைத் திறந்து இறங்குகிறார்கள். எப்படி ஏறினார்கள் என்று கேட்கக் கூடாது போல. பெயர்கள் ஓடி முடிந்ததும், ஷெப்பர்டின் கதையை டிஎல்சி, அதாவது தனியாக இறக்கிக்கொள்ளும் கூடுதல் பகுதிகள், மூலம் தொடரலாம் என்று ஓர் அறிவிப்பு. அந்த நேரத்தில், அந்த இடத்தில், அது எவ்வளவு கூச்சமில்லாமல் தெரிந்தது என்று உங்களுக்கு இப்போதாவது தோன்றியிருக்கும்.

வெளியீட்டுக்கு முன்பு ஒரு பேட்டியில், எத்தனை முடிவுகள் என்று எண்ணி, 'எனக்கு அ வந்தது, உனக்கு ஆ வந்ததா' என்று கேட்கும்படி இருக்காது என்ற பொருளில் நீங்கள் சொன்னீர்கள். அதனால்தான் ரசிகர்கள் எட்மண்டனில் உள்ள பயோவேர் அலுவலகத்துக்கு 400க்கும் மேற்பட்ட கப்கேக்குகள் அனுப்பினார்கள்: மேலே மூன்று நிறம், உள்ளே எல்லாம் ஒரே வெனிலா. எதிர்ப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும். அதே ரசிகர்கள் சைல்ட்ஸ் பிளே தொண்டு நிறுவனத்துக்கு 80,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்ததும் எனக்குப் பிடித்தது. ஒருவர் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையத்திடமே புகார் கொடுத்தாரே, அது எனக்கு ஒப்புதல் இல்லை. கதையை எப்படி முடிப்பது என்பது எழுதுகிறவரின் உரிமை. முடிவை மாற்று என்று நான் கேட்டதும் இல்லை, இப்போதும் கேட்கவில்லை.

2012 ஜூனில் எக்ஸ்டெண்டட் கட் என்று ஒன்றை இலவசமாகக் கொடுத்தீர்கள். நல்ல மனசு. நார்மண்டியில் எப்படி ஏறினார்கள் என்பதற்குக் காட்சி வந்தது. யாருக்கு என்ன ஆனது என்று படங்கள் வந்தன. பையனிடம் கேட்கக் கேள்விகளும் கூடின. 'உன் மூன்று வழியும் வேண்டாம்' என்று மறுக்கலாம், மறுத்தால் எல்லாரும் அழிவார்கள். கேள்வி கேட்க விட்டீர்கள், மறுக்கவும் விட்டீர்கள். வாதாட மட்டும் விடவில்லை. விளக்கம் போதவில்லை என்றுதான் நாங்கள் கத்துகிறோம் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

அடுத்த வருடம் மார்ச்சில் வந்த சிட்டடல் டிஎல்சியில்தான் எனக்கு முடிவு கிடைத்தது. ஆண்டர்சனின் வீட்டில் விருந்து, கேரஸும் டாலியும் ரெக்ஸும் அடிக்கும் அரட்டை, எல்லாரும் நெருக்கியடித்து எடுத்துக்கொள்ளும் ஒரு போட்டோ. கதைப்படி அது கடைசிப் போருக்கு முந்தியது. என் கணக்கில் அதுதான் கடைசி. இப்போதெல்லாம் மறுபடி ஆடினால் லண்டனுக்குப் போவதற்கு முன்பே அதை ஆடிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

நீங்கள் பயோவேரை விட்டுப் போய், திரும்பி வந்து, மறுபடி போய்விட்டீர்கள். அங்கே இருப்பவர்கள் அடுத்த மாஸ் எஃபெக்டைச் செய்துகொண்டிருக்கிறார்கள். பனியில் ஷெப்பர்டின் பழைய தோழி லியாரா ஒரு உடைந்த கவசத் துண்டை எடுத்துத் துடைக்கும் டிரெய்லர் 2020 டிசம்பரில் வந்தது. மூன்று நிறத்தில் எது உண்மை என்று முடிவு செய்யும் தலைவலி இனி அவர்களுடையது. உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. ரானாக்கைப் பற்றி ஷெப்பர்ட் அந்தப் பையனிடம் பேசும் ஒரு வரியை யாராவது எழுதிப் பார்த்தீர்களா? எழுதி, நேரம் போதாமல் வெட்டினீர்களா, இல்லை வேண்டாமென்றே விட்டீர்களா? எந்தப் பதிலாக இருந்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்