ஒலி, ஒளி ஆவணக் காப்பாளர் சந்திப்பு: ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சென்னையில் கூட்டிய ஒலி, ஒளி ஆவணக் காப்பாளர் சந்திப்பு நல்லபடியாக முடிந்தது. பழைய ஒலிநாடா, ஃபிலிம், வீடியோக்களைக் காப்பாற்றி வைக்கும் இந்தத் தொழில் இனி என்ன ஆகும் என்று பேசத்தான் கூடினோம். பேசினோம், சண்டையும் போட்டோம். அதற்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்வதுதான் முறை.

முதல் நன்றி, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெரு மெக்கானிக் அண்ணனுக்கு. மேடை ஏறிப் பேச மாட்டேன், மெஷினைப் பார்த்துத் தருகிறேன் என்று சொல்லித்தான் வந்தார். கேசட்டை விழுங்கிவிட்டு வெளியே தள்ளாமல் அடம்பிடித்த யூ-மேட்டிக் என்ற பழைய வீடியோ கேசட் பிளேயரை எல்லார் முன்னாலும் கழற்றினார். உள்ளே டேப்பை அழுத்தி நகர்த்தும் பிஞ்ச் ரோலரின் ரப்பர் உருகிய வெல்லம் போல ஒட்டிக்கொண்டு கிடந்தது. "ரப்பருக்கு ஏதாவது வழி பண்ணிடலாம் சார். டேப்பைப் படிக்கிற ஹெட் தேஞ்சா என்கிட்ட மருந்து இல்ல" என்றார். இதையேதான் யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து 2019-இல் எச்சரித்தன: 2025 வாக்கில் காந்த நாடாக்களை ஓட்ட உதிரி பாகமும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. டேப் நன்றாக இருந்தும் கேட்க முடியாமல் போகிற கொடுமை இது.

அடுத்து, வானொலியில் ஒலிப்பதிவு செய்து ஓய்வுபெற்ற ஐயா. ஒரு ஸ்பூல் டேப்பை ஏற்றியதும் அது கீச்சென்று கத்த, பதறிப்போய் நிறுத்தச் சொன்னார். டேப்பில் காந்தத் துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை நம் ஊர்க் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துவிட்டதாம். ஐம்பது டிகிரி வாக்கில் மணிக்கணக்கில் பதமாகச் சூடேற்றினால் தற்காலிகமாகத் தேறும், அதற்குள் நகல் எடுத்துவிட வேண்டும். "வீட்டு ஓவன்ல வைக்கலாமா ஐயா?" என்று ஒரு மாணவர் கேட்டதும் முறைத்தார். அப்புறம் அவரே, எல்லா டேப்புக்கும் இது பொருந்தாது, அசிட்டேட் என்ற பழைய வகை பிளாஸ்டிக்கில் செய்த டேப்பைச் சூடேற்றவே கூடாது என்று பொறுமையாக விளக்கினார். இந்தப் பாடத்தை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

குடும்பக் கல்யாண ஃபிலிம் டப்பாக்களை நம்பித் தந்த அம்மாவுக்கும் நன்றி. மூடியைத் திறந்ததுமே வினிகர் நெடி. அமிலம் கூடக்கூட நிறம் மாறும் நீலச் சோதனைச் சீட்டை உள்ளே போட்டுவைத்திருந்தோம்; அது பச்சையையும் தாண்டி மஞ்சளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அசிட்டேட் ஃபிலிமில் இந்தச் சிதைவு தொடங்கிவிட்டால் திருப்ப முடியாது, குளிரில் வைத்து வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' இன்று பார்க்கக் கிடைக்காததைப் பற்றிப் பேசிப் பேசி அங்கலாய்க்கிறோம். இன்று பரணில் கிடப்பதை யார் பார்ப்பது?

கணினித் துறையிலிருந்து வந்த தம்பிக்குத்தான் அதிக வசவு விழுந்தது. அவருக்குக் கூடுதல் நன்றி. டிஜிட்டல் கோப்புகளைச் சேமிக்கும் எல்டிஓ டேப்பிலும் எட்டாம் தலைமுறைக் கருவி (எல்டிஓ-8) ஆறாம் தலைமுறை டேப்பை (எல்டிஓ-6) படிக்காது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதிய டேப்புக்கு மாற்றியே ஆக வேண்டும் என்று சொன்னது அவர் குற்றமா? டிஜிட்டல் ஆக்க எப்படியோ நிதி வந்துவிடுகிறது. அதை வருஷா வருஷம் காப்பாற்றவோ, காப்பாற்றுகிற பிள்ளைகளுக்கு நிரந்தரச் சம்பளம் கொடுக்கவோ ஒருவரும் முன்வருவதில்லை. என்னைக் கேட்டால் தொழிலின் எதிர்காலம் தொங்குவது இந்த இடத்தில்தான். செயற்கை நுண்ணறிவு பழைய குரல்களைத் 'திருத்துவது' பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை, அது இன்னொரு நாளைக்கு.

யாழ்ப்பாணத்திலிருந்து இணையவழி சேர்ந்த நண்பர்களுக்கும், இடம் தந்த கல்லூரிக்கும், நேரத்துக்குச் சாப்பாடு போட்ட கேன்டீன்காரருக்கும், எல்லாவற்றையும் விடாமல் பதிவு செய்த மாணவர்களுக்கும் நன்றி. (பதிவுகளுக்கு நகல் எடுத்தாயிற்றா என்று கேட்காதீர்கள், மூன்று எடுத்தாயிற்று!)

ஒரு நல்ல செய்தி: ஞாயிற்றுக்கிழமைகளில் பழுது பார்க்கக் கற்றுத்தர மெக்கானிக் அண்ணன் சம்மதித்திருக்கிறார். கழற்றிப் பழக மெஷின்கள் வேண்டும். வீட்டில் ஓடாத டேப் டெக்கோ விசிஆரோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாமல் எங்களிடம் சொல்லுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
சந்திப்பு ஏற்பாட்டுக் குழுவின் சார்பில்