வில்லுக்கு வயது பார்க்காதீர்கள்

எங்கள் வில்வித்தைக் கூடத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். பத்து வருஷத்துக்கு மேற்பட்ட காம்பவுண்ட் வில் (நுனிகளில் சக்கரமும் கேபிளும் வைத்த வில்) எதுவும் அடுத்த சீசனிலிருந்து மைதானத்துக்குள் வரக்கூடாது, 'வேட்டை வில்' என்று விற்கப்பட்டவை கண்டிப்பாக வரக்கூடாது என்று பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். அதன் கீழேயே வாங்க வேண்டிய புது மாடல்களின் பட்டியல். ஒவ்வொன்றும் லட்சத்தைத் தாண்டுகிறது. அதைப் பார்த்துவிட்டு, பிள்ளையைச் சிலம்பத்தில் சேர்த்துவிடலாமா என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். சிலம்பத்துக்கு நல்லதுதான், நம் கூடத்துக்கு நல்லதில்லை.

உங்கள் ஆர்வம் புரியாமலில்லை. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் பிரிவின் ஐந்து தங்கமும் இந்தியாவுக்கு வந்தது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் பிரிவும் சேர்ந்திருக்கிறது. நம் பிள்ளைகள் நல்ல வில்லோடு நிற்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். சரிதான். ஆனால் எது நல்ல வில் என்பதை, அது செய்த வருஷத்தை வைத்து முடிவு செய்வதுதான் எனக்கு ஒப்பவில்லை.

முதலில் பெயர் விஷயம். நம் ஊரில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அழகர்மலைப் பக்கம் முயலைக் குறிவைத்தாலும் கேஸ்தான். நம் பிள்ளைகள் குறிவைப்பது ஐம்பது மீட்டரில் இருக்கும் காகித வட்டத்தை. அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பியவர்கள் கொடுத்துவிட்டுப் போன வில்கள் அங்கே மான் வேட்டைக்கு விற்கப்பட்டவை என்பதால் இங்கே குற்றப்பொருள் ஆகிவிடாது. பிராட்ஹெட் என்கிற பிளேடு முனையை மட்டும் வாசலிலேயே தடுத்துவிடுங்கள். அந்த விதிக்கு முதல் கையெழுத்து என்னுடையது.

அதற்காக வேட்டை வில் எல்லாமே நமக்கு ஒத்துவரும் என்று நான் சொல்லவில்லை. மரத்தில் கட்டிய தட்டில் உட்கார்ந்து மானுக்குக் காத்திருப்பவர் நாள் முழுக்க ஓர் அம்பு விட்டாலே பெரிது. அவருக்கு இழுப்பு எடை, அதாவது நாணை இழுக்க வேண்டிய பலம், அறுபது எழுபது பவுண்டு இருக்கலாம், கிளைகளுக்கு நடுவே திருப்ப வசதியாக வில்லும் குட்டையாக இருக்கலாம். நம் பிள்ளை தகுதிச் சுற்றில் 72 அம்பு விட வேண்டும், பயிற்சி அம்புகள் தனி. சர்வதேசப் போட்டியில் அறுபது பவுண்டுக்கு மேல் அனுமதியும் இல்லை. பெரும்பாலான பழைய வில்களில் லிம்ப் என்கிற வில்லின் வளையும் கையைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் பத்து பவுண்டு போலக் குறையும். அதற்கு மேல் தளர்த்துவது ஆபத்து. பதினாலு வயசுப் பையன் முதுகை வளைத்து, வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்கி நாணை இழுக்கிறான் என்றால் அந்த வில்லை அவனிடமிருந்து வாங்கி வைத்துவிடுங்கள். அது போன மாதம் வாங்கிய வில்லாக இருந்தாலும் சரி.

அப்புறம் வேகம். புது மாடல்களின் விளம்பரத்தில் விநாடிக்கு 340 அடி என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். எழுபது பவுண்டு, முப்பது அங்குல இழுப்பு நீளம், 350 கிரெயின் (அம்பு எடைக்கான சின்ன அளவு) அம்பு என்ற கணக்கில் அளந்த எண் அது. இழுப்பு நீளத்தில் ஓர் அங்குலம் குறைந்தாலே சுமார் பத்து அடி போய்விடும். நாற்பத்தைந்து பவுண்டும் இருபத்தேழு அங்குலமும் இழுக்கிற நம் பெண் பிள்ளைக்கு அந்த எண்ணால் என்ன பயன்? வேகம் முக்கியமாகத் தேவைப்படுவது தூரம் தெரியாத இடத்தில். மான் முப்பது கெஜத்தில் நிற்கிறதா நாற்பதிலா என்று கண்ணால் மதிப்பிடும்போது, அம்பு வேகமாகப் போனால் தாழ்வு குறைந்து தப்புக்கணக்கு மன்னிக்கப்படும். நமக்கோ ஐம்பது மீட்டரை டேப் வைத்து அளந்து கோடு போட்டிருக்கிறது.

வில்லை எப்படிப் பார்க்க வேண்டும் என்றால், கொஞ்சம் பஞ்சை எடுத்து லிம்பின் இரண்டு பக்கமும், ஓரங்களிலும் மெதுவாகத் தேய்த்து வாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சிலாம்பு இருந்தால் ஓர் இழை மாட்டி நிற்கும். இழை நின்ற லிம்ப்போடு அன்றைக்கு அம்பு விடக்கூடாது. அடுத்து நாண். மெழுகு வற்றி மயிர் மயிராகப் பிரிந்திருக்கிறதா, கேம் என்கிற நுனிச் சக்கரத்தின் மேல் வளையும் இடத்தில் ஏதாவது இழை அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். நாணும் கேபிளும் எப்படியும் இரண்டு மூன்று வருஷத்தில் மாற்ற வேண்டியவைதான். நீங்கள் பட்டியல் போட்ட புது வில்லுக்கும் இதே கதைதான். அதோடு அம்பையும் எடை போடுங்கள். ஒரு பவுண்டு இழுப்பு எடைக்கு ஐந்து கிரெயினாவது இருக்க வேண்டும். லேசான அம்பை விட்டால், அம்பே வைக்காமல் நாணை விடுகிற மாதிரி அடி முழுவதும் லிம்ப்புக்குப் போகும்.

சித்திரை வெயிலில் மூடிய காரில் வில்லை வைத்துவிட்டு டவுன்ஹால் ரோட்டில் ஷாப்பிங் போகிறவர்களைப் பற்றி உங்கள் அறிவிப்பில் ஒரு வரி இல்லை. அந்தச் சூட்டில் நாண் நீளும், லிம்பின் அடுக்குகள் விட்டுப்போகும். புது வில்லை ஒரே கோடையில் கிழவனாக்க அது போதும்.

கழிக்க வேண்டியவையும் இருக்கின்றன. நுனியில் உலோகக் கொக்கி வைத்த இரும்புக் கேபிள் ஓடும் அந்தக் காலத்து வில்களைச் சுவரில் மாட்டிவிடலாம். டேக்ரான் என்கிற, கொஞ்சம் நீண்டு கொடுக்கும் பழைய நாணுக்காகச் செய்த வில்லில் இப்போதைய நீட்சி இல்லாத நாணைப் போட்டு உடைத்துப் பார்க்கவும் வேண்டாம். இழுப்பு நீளத்தை மாற்றும் கேம் மாட்யூல் என்கிற துண்டு கிடைக்காமல் பிள்ளையின் இழுப்பு நீளத்துக்கு மாற்றவே முடியாத வில்லும் அப்படித்தான். பிள்ளை வளர்கிறது, வில் வளரவில்லை என்றால் கொடுத்துவிட வேண்டியதுதான். உதிரிபாகம் கிடைக்காது என்பதை மட்டும் காரணமாக எழுதியிருந்தால் நானே ஆமோதித்திருப்பேன்.

ஆகவே 'பத்து வருஷம்' என்ற வரியை எடுத்துவிட்டு, சீசன் தொடங்கும் முன் ஒவ்வொரு வில்லையும் பரிசோதித்துச் சீட்டு ஒட்டும் முறையைக் கொண்டுவாருங்கள். புது வில்லுக்கும் அதே சீட்டு. வசதியுள்ளவர்கள் புதுசு வாங்கட்டும், யாரும் தடுக்கவில்லை. மற்றவர்கள் அந்தப் பணத்தில் சிறு பங்கை நல்ல நாணுக்கும், தங்கள் இழுப்புக்குப் பொருந்தும் ஒரு டஜன் அம்புக்கும் செலவழித்தால் ஸ்கோரில் வித்தியாசம் தெரியும்.

நாண் மாற்ற, லிம்பை அமுக்கிப் பிடிக்கும் வில் பிரஸ் நம் கூடத்தில் இல்லை என்பதுதான் இப்போதைய சிக்கல். பழைய வில்லுக்கு ஒரு மாதிரி, லிம்ப் கிட்டத்தட்டப் படுத்திருக்கும் புது வில்லுக்கு வேறு மாதிரி பிடிமானம் வேண்டும். இரண்டுக்கும் மாற்றிப் போடுகிற மாதிரி ஒன்றைக் கப்பலூரில் என் பட்டறையிலேயே செய்து தருகிறேன். கூலி வேண்டாம், இரும்புக்கும் திருகுத் தண்டுக்கும் ஆகும் காசை மட்டும் அடுத்த கூட்டத்தில் ஒதுக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
கூடத்து வில்களுக்கு மெழுகு போடும் லேத் பட்டறைக்காரன்